கரண்ட் போகும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இங்கேதான். வயதான கழுகரசன் ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த தலம் என்பது ஐதீகம். இந்த நெடுஞ்சாலை ஊர்களில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்துவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும். எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். ஒன்பது மணிக்கு மேல் தெருவில் மிஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள்.

பராமரிப்புக்கான மின்தடையும் அதே ஒன்பது மணிக்குத்தான் தொடங்குகிறது. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் துணை மின் நிலையத்தின் பெயர், அதன் கீழ் வரும் ஊர்களின் பட்டியல், காலை 9 மணி முதல் பிற்பகல் 2 வரை அல்லது மாலை 5 வரை என்று ஓர் அறிவிப்பு வரும். வேலைக்குப் போனவர்களைப் பொறுத்தவரை அப்படியொரு மின்தடை நடக்கவே இல்லை. அவர்கள் திரும்பி வரும்போது விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. அந்த ஐந்து மணி நேரத்தையோ எட்டு மணி நேரத்தையோ முழுசாக வாழ்ந்து கழித்தவர் வீட்டில் இருந்த பாட்டியோ தாத்தாவோதான்.

ஆனால், மின்தடைக்கென்று வீட்டில் செய்யப்படும் ஏற்பாடுகளையெல்லாம் செய்பவர் அந்த வேலைக்குப் போகிறவர். இன்வெர்ட்டர் எங்கே வைப்பது, எந்த ரூமுக்கு லைன் கொடுப்பது, எமர்ஜென்சி லைட்டை எங்கே மாட்டுவது என்று எல்லாமே அவருடைய உயரத்துக்கும் அவருடைய கண்பார்வைக்கும் ஏற்றபடி அமைகின்றன. ஹாலில் டி.வி.க்கு லைன் இருக்கும், பின்கட்டில் இருக்கும் பாத்ரூமுக்கு இருக்காது. கரண்ட் போனதும் போனில் நடக்கும் பேச்சு எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

“அம்மா, இன்வெர்ட்டர்ல என்ன லைட் எரியுது, பச்சையா சிவப்பா?”

“எனக்கு எங்கடா தெரியுது. ஏதோ கீ கீன்னு கத்திக்கிட்டு இருக்கு.”

வீட்டில் சாதனம் இருக்கிறது. ஆபத்து வரும் நேரத்தில் அங்கே இருப்பவரின் கைக்கு அது எட்டவில்லை. முதியோரும் மின்தடையும் என்று பேசத் தொடங்கினால் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

தமிழ்நாட்டில் இன்வெர்ட்டர் வீட்டுச் சாமானாக ஆனதற்கு 2012 ஒரு முக்கியக் காரணம். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த காலம் அது. அப்போது வாங்கிய பேட்டரி இன்னமும் மூலையில் உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு. சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியின் ஆயுள் நான்கைந்து வருடம். அதுவும் டிஸ்டில்டு வாட்டரைக் குறையவிடாமல் ஊற்றிவந்தால். இப்போது மின்வெட்டு அவ்வளவு இல்லாததால் பேட்டரியை யாரும் சோதிப்பதில்லை. அது செத்துப்போன செய்தி புயல் இரவில்தான் தெரியவரும்.

கரண்ட் போனால் விளக்கு அணையும் என்பது பாதி விஷயம். முதலில் நிற்பது தண்ணீர். போர் மோட்டார் ஓடாது, ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கும் தண்ணீர் ஏறாது. ஆர்.ஓ. இயந்திரம் நின்றுவிடும். தெருமுனையில் அடிபம்பு இருந்தாலும், அதை அடிக்கிற தோள் எழுபது வயதில் இருக்காது. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்று நாள் குடிக்கவும் சமைக்கவும் ஏறக்குறைய 20 லிட்டர் வேண்டும், அதாவது ஒரு கேன். ஆனால் நிறைந்த கேனின் எடை 20 கிலோ. மூட்டுவலிக்காரர் அதைச் சாய்த்து ஊற்றப்போனால் தண்ணீரும் கொட்டும், ஆளும் வழுக்கி விழுவார். குழாய் வைத்த பானையோ, ஐந்தாறு சின்னக் குடங்களோ, இரண்டு லிட்டர் பாட்டில்களோ போதும். டாய்லெட்டுக்கு ஒரு டிரம் நிறையத் தண்ணீரும் அதற்குள்ளேயே ஒரு மக்கும் இருந்தால் இரவு நேர அலைச்சல் பாதி குறையும்.

ஐந்து மணி நேரத் தடைக்கு ஆயத்தமாவது எளிது. ஐந்து நாள் தடைதான் வேறு ரகம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களும் சேர்ந்தே அடிவாங்கின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நகரத்தில் கரண்ட் வந்து பல நாட்கள் கழிந்த பிறகும் கிராமங்களின் உட்பகுதிகள் இருட்டில் கிடந்தன. அந்தப் புயலுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் சில்லறை நோட்டு இல்லை. கரண்டும் நெட்வொர்க்கும் இல்லாததால் ஏ.டி.எம்.மும் கார்டு மெஷினும் வேலை செய்யவில்லை. இன்று பெட்டிக்கடை வரை க்யூஆர் கோடு ஒட்டியிருப்பதால் அந்த நிலைமை மறுபடி வராது என்று நினைக்க இடமில்லை. டவர் படுத்துவிட்டால் க்யூஆர் கோடு வெறும் ஸ்டிக்கர்தான். பெரியவர்களின் மருந்துப் பெட்டியிலேயே ஓர் உறையில் பத்து, ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் வைத்துவிடுவது நல்லது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், வர்தாவைச் சின்னதாக்கியது. சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. கேரளம் உட்பட வெளி மாநிலங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து வயலுக்குள் இடுப்பளவு சேற்றில் கம்பம் நட்டார்கள். அப்படியும் டெல்டாவின் சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துவந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய ஊர்களும், காசு கொடுத்து செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்ட ஊர்களும் இருந்தன. அந்த வரிசையில் போய் நிற்க முடிந்தவர்களுக்குத்தான் தண்ணீரும் சார்ஜும்.

புயல் வருவது பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. சித்திரை, வைகாசியில் எதிரி வேறு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டு, அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. அதே ஆண்டு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அரசு சேர்த்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது டிரான்ஸ்பார்மரில் பீஸ் போவதும், ஒரு ஃபேஸ் மட்டும் படுத்துக்கொள்வதும் கோடையின் வழக்கமான கதை.

இங்கேதான் வயது கணக்கில் வருகிறது. வயதாக ஆக வியர்வை சுரப்பது குறையும். தாகம் எடுக்கும் உணர்வும் மந்தமாகும். உடம்பில் தண்ணீர் வற்றிய பிறகும் “தாகமே இல்லையே” என்று சொல்வது பொய்யல்ல, அவர்களுக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். ஆகவே கேட்டுக் கேட்டுக் கொடுப்பதைவிட, மணிக்கொரு தரம் மோர், கஞ்சித் தண்ணீர், வெறும் தண்ணீர் என்று ஏதாவது கொஞ்சம் கையில் கொடுத்துவிடுவது பலன் தரும். தண்ணீரின் அளவைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கட்டுப்பாடு விதித்திருப்பவர்கள் மட்டும், கோடைக்கு அந்த அளவு மாறுமா என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். ஃபேன் இல்லாத மதியத்தில் ஈரத்துணியால் கை, கழுத்து, கால்களைத் துடைத்துவிட்டு விசிறியால் வீசுவது பழைய வைத்தியம் போலத் தோன்றும். தோலில் சுரக்காத வியர்வைக்குப் பதிலாக வெளியிலிருந்து ஈரத்தைக் கொடுக்கிறோம், அது ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தடுமாறினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மின்தடையில் யாராவது சாவார்களா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் விடை கிடைக்கிறது. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவின் வடகிழக்கில் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேர் இருட்டில் மூழ்கினர். அந்த இரண்டொரு நாட்களில் நியூயார்க் நகரில் மட்டும் வழக்கத்தைவிடச் சுமார் 90 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்தன என்று 2012-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் பெரும்பாலானவை விபத்து மரணங்கள் அல்ல, நோயால் நேர்ந்தவை. 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளிக்குப் பிறகு ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏ.சி. நின்றுபோய், வெப்பத்தில் 12 முதியவர்கள் இறந்தார்கள். இதில் நெஞ்சைப் பிசைவது என்னவென்றால், மின்சாரத்தோடு இயங்கிக்கொண்டிருந்த மருத்துவமனை கூப்பிடு தூரத்திலேயே இருந்தது. அதன் பின்னர்தான் அந்த மாநிலம் முதியோர் இல்லங்களுக்கு ஜெனரேட்டரும் எரிபொருளும் கட்டாயம் என்று சட்டம் போட்டது.

வீட்டில் மருந்து விஷயத்துக்கு வருவோம். இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கரண்ட் போனால் வரும் முதல் பதற்றம் ஃபிரிட்ஜ். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கும் குப்பியோ பேனாவோ சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். இங்கே ‘அறை வெப்பம்’ என்று உறையில் அச்சிட்டிருப்பது 25 அல்லது 30 டிகிரியை. காஞ்சிபுரத்து மே மாதத்தை அல்ல. கரண்ட் போனதும் ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காமல் மூடியே வைத்திருந்தால் உள்ளே நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் இருக்கவே இருக்கிறது மண்பானை. பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி, காற்றோட்டமான நிழல். இன்சுலின் நனையாதபடி ஒரு டப்பாவில் போட்டு உள்ளே வைத்தால் வெளி வெப்பத்தைவிடச் சில டிகிரி குறையும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து, கென்யாவின் ஓர் அகதி முகாமின் வெப்பநிலையைப் பின்பற்றி ஆய்வு செய்து 2021-இல் முடிவை வெளியிட்டன. 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் வைத்திருந்த இன்சுலினும் வீரியம் இழக்கவில்லை என்று அதில் தெரியவந்தது. ஆகவே, ஒரு நாள் கரண்ட் இல்லை என்பதற்காக மருந்தைக் கொட்டிவிட்டு ஊசியே போடாமல் இருப்பதுதான் பெரிய தப்பு. இன்னொரு தப்பு, பதற்றத்தில் ஐஸ் கட்டிக்குள் புதைப்பது. ஒருமுறை உறைந்த இன்சுலின் எதற்கும் உதவாது.

ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. நோயாளிகள் வீட்டில் நெபுலைசர் வைத்திருப்பார்கள். அது பிளக்கில் ஓடும் சாதனம். அதே வகை மருந்து இன்ஹேலரிலும் கிடைக்கிறது. மூச்சை அடக்கி இழுக்கத் தெரியாத முதியவர்களுக்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை முன்னால் மாட்டிவிட்டால் போதும். கரண்டே தேவையில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, “கரண்ட் போனா என்ன செய்யறது டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருக்கும் வீடுகள்தான் உண்மையிலேயே கணக்குப் போட வேண்டியவை. கொரோனாவுக்குப் பிறகு இந்த இயந்திரம் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. ஐந்து லிட்டர் இயந்திரம் ஒன்று சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டில் இருக்கும் 150 ஆம்பியர்-ஹவர், 12 வோல்ட் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-ஹவர் இருக்கிறது. வகுத்தால் ஐந்து மணி நேரம் வரும். நடைமுறையில் இன்வெர்ட்டரிலேயே கொஞ்சம் வீணாகும், பேட்டரியை ஒட்டக் கறக்கவும் முடியாது. மூன்று, மூன்றரை மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பழைய பேட்டரி என்றால் அதில் பாதிதான். கூடவே இரண்டு ஃபேனும் டி.வி.யும் ஓடினால் இன்னும் குறையும். இன்வெர்ட்டர் சைன் வேவ் ரகமா என்பதையும் பார்க்க வேண்டும். மலிவான ரகங்களில் இந்த இயந்திரம் சரியாக ஓடாது, கெட்டும் போகலாம்.

அதனால்தான் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிலிண்டரும் இருக்க வேண்டும். பி டைப் என்று சொல்லப்படும் இடுப்பளவு சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் போனால் பன்னிரண்டரை மணி நேரம். ரெகுலேட்டரை மாட்டவும் திறக்கவும் வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு, அதிலும் பகலில் வீட்டில் இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருமகளுக்கு மட்டும் தெரிந்து, மருமகள் ஷிப்டில் இருந்தால் சிலிண்டர் வெறும் இரும்பு. அந்த அறையில் கற்பூரம், அகல், மெழுகுவத்தி எதுவும் கூடாது. கரண்ட் போனதும் கை முதலில் தேடுவது தீப்பெட்டியைத்தான் என்பதால் இதைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களின் காற்றுப் படுக்கை சத்தமில்லாமல் ஏமாற்றும். பம்ப் நின்றதும் காற்று மெல்ல இறங்கி, சில மணி நேரத்தில் நோயாளி கட்டில் பலகையின் மேலேயே கிடப்பார். அவர்களால் சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. காற்று இறங்காமல் குழாய் முனையை மூடும் மூடி சில மாடல்களில் உண்டு. டப்பாவோடு வந்த அந்த மூடி எங்கே போனது என்று இன்றைக்கே தேடிப் பார்க்கலாம்.

விளக்குக்கு வந்தால், இன்றைக்கு எளிய தீர்வு சார்ஜ் ஆகும் எல்.இ.டி. பல்பு. கடைக்காரர் ‘இன்வெர்ட்டர் பல்பு’ என்று கொடுப்பார். கரண்ட் போனதும் தானாகவே எரிந்து மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். ஆனால் சுவரில் சுவிட்ச் போட்டிருந்தால்தான் எரியும். பில் ஏறுமே என்று சுவிட்சை எல்லாம் அணைத்துவிட்டுப் படுக்கும் தாத்தாக்கள் வீட்டில் இது தொங்கும், எரியாது. கட்டிலிலிருந்து கழிவறை வரையிலான வழியில் ஒன்று, கழிவறைக்குள் ஒன்று என்று மாட்டி, அந்த இரண்டு சுவிட்சின் மேல் மட்டும் டேப் ஒட்டிவைக்கலாம். டார்ச்சைத் தலையணைப் பக்கம் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். அலமாரியில் பத்திரமாக இருக்கும் டார்ச், அதைத் தேடிப் போக இன்னொரு டார்ச் கேட்கும்.

தீ விளக்கின் ஆபத்தை இலங்கை நன்றாக அறியும். பழைய குப்பிகளில் திரி போட்டு ஏற்றும் மண்ணெண்ணெய் விளக்குகள் கவிழ்ந்து தீக்காயம் பட்டவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990-களில் தானே ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டையானது, கனமானது, உருளாதபடி பக்கங்கள் தட்டையானது, மூடி திருகாணி போட்டது. கவிழ்ந்தாலும் எண்ணெய் கொட்டாது. 1998-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 2022 மார்ச் 31 அன்று அதே இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது வீடுகளில் மறுபடி குப்பி விளக்கும் மெழுகுவத்தியும் வெளியே வந்தன. கை நடுங்கும் முதியவர், சேலைத் தலைப்பு, காற்றில் ஆடும் சுடர், மூன்றும் ஒரே அறையில் இருக்க வேண்டாம் என்பதுதான் அந்த மருத்துவர் காட்டிய பாடம். எல்.இ.டி. இருக்கும் காலத்தில் அதற்கு அவசியமும் இல்லை.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை: அது வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் இருண்டபோது, ஸ்பெயினின் தபோவதேலா என்ற சிற்றூரில் வயதான தம்பதியும் மகனும் வீட்டுக்குள் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் கக்கிய கார்பன் மோனாக்ஸைடுதான் காரணமாகக் கருதப்பட்டது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மழைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூட்டும் கரியடுப்பும் இதையேதான் செய்யும்.

கோடை இரவில் கரண்ட் போனால் பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்கோ வாசலுக்கோ வருவது நம் ஊர் வழக்கம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் கட்டுவிரியனுக்கும் அதே நேரம்தான் நடமாட்டம். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது, எறும்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவார்கள். தரையை விட்டுக் கட்டிலில் படுப்பதும், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுவதும் கொசுவோடு பாம்பையும் தடுக்கும். கரண்ட் இல்லாதபோது லிக்விட் கொசுவிரட்டியும் வேலை செய்யாது என்பதால் கொசுவலைக்கு இரட்டை நியாயம். இரவில் எழுந்தால் முதலில் டார்ச், பிறகு செருப்பு, அப்புறம்தான் நடை.

புயல் ஓய்ந்த காலையில் முதலில் வெளியே வருபவர்களும் பெரியவர்கள்தான். மாட்டைப் பார்க்க வேண்டும், பூப்பறிக்க வேண்டும், வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பி தண்ணீருக்குள் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது பல பகுதிகளில் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திவைத்ததற்குக் காரணமே இந்த ஆபத்துதான். அப்போது “இன்னும் ஏன் கரண்ட் விடலை” என்று திட்டித் தீர்த்தவர்கள் அதிகம். வீட்டுக்குள்ளும் ஒரு ஆபத்து உண்டு. “ஒரு ஃபேஸ்தான் போயிருக்கு, மாத்திப் போட்டா வந்துடும்” என்று நாற்பது வருடமாக ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் செருகிப் பழகியவர், எழுபத்தைந்து வயதிலும் இருட்டில் ஸ்டூல் போட்டு ஏறுவார். அவரைத் தடுக்க அறிவுரை போதாது. எட்டும் உயரத்தில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்சை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிடுவதே வழி.

யாரைக் கூப்பிடுவது? மின் புகார்களுக்கென்று 2021-இல் தொடங்கிய மின்னகத்தின் எண் 94987 94987. கூப்பிட்டால் முதலில் மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். அது பெரும்பாலும் மகனின் மொபைலில் இருக்கும். மீட்டர் பெட்டியின் கதவிலேயே மை பேனாவால் பெரிதாக எழுதிவைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, முதியோர் உதவி எண் 14567. பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன் இருந்தாலும், ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் தாங்கும் பட்டன் போன் ஒன்றும் வேண்டும். மின்தடை பற்றிய குறுஞ்செய்தி யாருடைய நம்பருக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். இறந்துபோன தாத்தாவின் பெயரில் இணைப்பு, பெங்களூருவில் இருக்கும் பேரனின் நம்பர், ஊரில் தனியாகப் பாட்டி என்றிருக்கும் வீடுகளில் செய்தி கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காது.

பிரிட்டனில் மின் விநியோக நிறுவனங்கள் முன்னுரிமைப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கின்றன. முதியவர்கள், மருத்துவச் சாதனங்களை நம்பியிருப்பவர்கள் பெயர் கொடுத்துவிட்டால் திட்டமிட்ட தடைக்கு முன்னறிவிப்பும், எதிர்பாராத தடையில் விசாரிப்பும் வரும். அமெரிக்கா, மின்சாரம் தேவைப்படும் சாதனத்தோடு வீட்டில் வாழ்பவர்கள் எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று மருத்துவக் காப்பீட்டுத் தரவிலிருந்து கணக்கெடுக்கும் முறையை 2013-இல் நியூ ஆர்லியன்ஸில் சோதித்து, பிறகு நாடு முழுக்க விரித்தது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு பட்டியல் ஏற்கெனவே பாதி இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தன்னார்வப் பெண்கள் வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று அவர்களுக்கு அத்துப்படி. அந்த விவரம் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் போனால், எந்த டிரான்ஸ்பார்மருக்குக் கீழே ஆக்ஸிஜனை நம்பியிருப்பவர் இருக்கிறார் என்று லைன்மேனுக்குத் தெரிந்திருக்கும். வார்டு வாரியாகப் பட்டியல் போடுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. பத்தாம் நூற்றாண்டில், முதல் பராந்தகன் காலத்தில், ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, 35 முதல் 70 வயதுக்குட்பட்டவர்களைக் குடவோலையில் தேர்ந்தெடுத்த விதிமுறையைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூர் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், தேசிய சராசரி 8.6. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதுமை அதிகமான பெரிய மாநிலம் நம்முடையது என்பதால் இந்தப் பட்டியலுக்குத் தேவை கூடிக்கொண்டேதான் போகும்.

அரசுப் பதிவேடு வரும்வரை தெருவிலேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம். எதிர்வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பகலில் இருக்கும் ஒருவரிடம் ஒரு சாவி, மகனின் நம்பர், “கரண்ட் போச்சுன்னா அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடுங்க அக்கா” என்ற ஒரு வார்த்தை. மறதி நோய் உள்ளவர்கள் திடீர் இருட்டில் மிரண்டுபோவார்கள். அவர்களுக்குத் தெரிந்த குரல் ஒன்று வாசலில் கேட்பதைவிடப் பெரிய விளக்கு வேறில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு, வீட்டின் மெயின் சுவிட்சை இரண்டு மணி நேரம் அணைத்துப் பார்ப்பது நல்ல ஒத்திகை. மகனும் மருமகளும் சோபாவில் உட்கார்ந்துகொள்ள வேண்டும், எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பெரியவரே டார்ச்சைத் தேடட்டும், பாத்ரூமுக்குப் போய்வரட்டும், தண்ணீர் மொண்டு குடிக்கட்டும், மாத்திரைப் பட்டையைக் கண்டுபிடிக்கட்டும், யாருக்காவது போன் போடட்டும். எங்கே தடுமாறுகிறார், எது கைக்கு எட்டவில்லை, எந்த எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று பக்கத்தில் இருந்து குறித்துக்கொண்டால் திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோக வேண்டிய சீட்டு தயார். அயர்ன் பாக்ஸும் மோட்டாரும் சுவிட்ச் போட்டபடியே கிடந்ததா என்பதையும், மெயினை மறுபடி போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.